வேலூருக்குக் குடி வருகிறீர்களா? ஏரியா பார்க்கும் விதம்

வேலூரில் வீடு தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்ல ஏரியா எதுங்க?" என்றுதான். யாரிடம் கேட்கிறீர்களோ, அவர் குடியிருக்கும் ஏரியாதான் பதிலாக வரும். சத்துவாச்சாரிக்காரர் ஹவுசிங் போர்டைச் சொல்வார். காட்பாடி காந்தி நகர்க்காரர், "பாலாற்றைத் தாண்டிப் போய் யாராவது குடியிருப்பாங்களா?" என்பார். பாகாயத்தில் இருப்பவருக்கு டவுன் என்றாலே தலைவலி. கொசப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருப்பவரோ, "கோட்டையைப் பார்க்காம எனக்குப் பொழுது விடியாது" என்பார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பிழைப்புக்கு அந்த இடம் சரிப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். உங்களுக்குச் சரிப்படுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எதை முதலில், எதை அப்புறம் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: ஆற்றுக்கு எந்தக் கரை

பாலாறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. தென்கரையில் கோட்டை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, பஜார், பழைய பஸ் ஸ்டாண்ட், புது பஸ் ஸ்டாண்ட், கலெக்டர் ஆபீஸ். வடகரையில் காட்பாடி ஜங்ஷன், வி.ஐ.டி. பல்கலைக்கழகம், காந்தி நகர், சித்தூர் போகும் ரோடு. 2008-ல் வேலூர் மாநகராட்சி ஆனது. காட்பாடிப் பக்கமும் சத்துவாச்சாரியும் இன்று ஒரே மாநகராட்சிதான். ஆனால் பாலத்தைத் தினமும் இரண்டு முறை கடக்கிறவருக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்.

காலை எட்டரை மணிக்கு ஸ்கூல் வேன், காலேஜ் பஸ், ஷேர் ஆட்டோ, லாரி எல்லாம் அந்தப் பாலத்தின் மேல் சேரும்போது போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். பாலத்தைத் தாண்டினால் விருதம்பட்டு, சில்க் மில், அப்புறம் காட்பாடி ரயில்வே மேம்பாலம். 2022-ல் அந்த மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது சுற்றிப் போய் வந்த அனுபவத்தைக் காட்பாடிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால் வேலை எந்தக் கரையோ வீடும் அந்தக் கரையில்தான் என்பது என் கருத்து. கணவனுக்கு ஒரு கரையிலும் மனைவிக்கு இன்னொரு கரையிலும் வேலை என்றால், பிள்ளைகளின் பள்ளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பாருங்கள். பெரியவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸை நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு எளிய வழி: காட்பாடியில் இருந்து டவுன் வழியாகப் பாகாயம் போகும் டவுன் பஸ் தடம்தான் இந்த ஊரின் முதுகெலும்பு. அந்தத் தடத்தில் இருந்து நடக்கும் தூரத்தில் வீடு இருந்தால் பைக் இல்லாமலே காலம் தள்ளலாம்.

அடுத்து: எதற்காக வருகிறீர்கள்

வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ரூம் போடும் முன் அப்பாயின்ட்மென்ட் சீட்டை எடுத்து எந்த வளாகம் என்று பாருங்கள். டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி மட்டும் சி.எம்.சி. இல்லை. 2022-ல் ராணிப்பேட்டைப் பக்கம் கன்னிகாபுரத்தில் புதிய வளாகம் திறந்தார்கள். சில பெரிய பிரிவுகள் இப்போது அங்கேதான். கண்ணுக்கு ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் ஆஸ்பத்திரி. மனநல மையமும் மருத்துவக் கல்லூரியும் பாகாயத்தில். டவுனில் ரூம் எடுத்துவிட்டு, விடியற்காலையில் ராணிப்பேட்டைக்கு ஆட்டோ பேசிக்கொண்டு நிற்கும் குடும்பங்களைத் தினமும் பார்க்கலாம். அதேபோல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பது ஊருக்குத் தெற்கே அடுக்கம்பாறையில். டவுனுக்குள் இருப்பது பென்ட்லேண்ட் அரசு ஆஸ்பத்திரி.

சி.எம்.சி. எதிரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு ஆகியவை முழுக்க லாட்ஜ்களும் மருந்துக் கடைகளும்தான். போர்டுகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். மீன் குழம்பும் சாதமும் கொல்கத்தாப் பக்குவத்தில் கிடைக்கும். ஸ்கேன் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கும் அசாம் குடும்பத்துக்கு ஆட்டோக்காரர் அவர் அறிந்த இந்தியில் வழி சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளூர்க்காரர்களில் பலர் இந்தத் தெருக்களை, "அது நமக்கான இடம் இல்ல" என்று ஒதுக்கிவிடுவார்கள். நோயாளியோடு நாலு நாள், ஒரு வாரம் தங்க இதைவிட வசதியான இடம் ஊரிலேயே கிடையாது. நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ராத்திரி எந்நேரமும் மருந்துக் கடை திறந்திருக்கும். மாதக்கணக்கில் தங்க வேண்டி வந்தால் கதை வேறு. வெயில் நுழையாத ரூம், சத்தம், சமைக்க இடமில்லாத அவதி. அப்போது தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி என்று கொஞ்சம் நகர்ந்து, சமையலறையோடு ஒரு சின்ன வீடாகப் பாருங்கள்.

வி.ஐ.டி.க்கு வருகிற மாணவர்களும் ஆசிரியர்களும் பாலம் தாண்டி வர வேண்டிய அவசியமே இல்லை. காந்தி நகர், பழைய காட்பாடி, கழிஞ்சூர், சேனூர் என்று வடகரையிலேயே ஏராளமான வீடு உண்டு. காந்தி நகரில் தெருக்கள் நேராக, அகலமாக இருக்கும், மரங்களும் இருக்கின்றன, ஆக்ஸிலியம் கல்லூரியும் அங்கேதான். ஓய்வு பெற்றவர்கள் நிறைய, அதனால் ராத்திரி ஒன்பதரைக்கே தெரு அடங்கிவிடும். மாணவர்களுக்கு வீடு தர யோசிப்பார்கள். தந்தாலும், "சார், பத்து மணிக்கு மேல ஃப்ரெண்ட்ஸ் வரக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். காலேஜ் வாசலை ஒட்டிய இடங்களில் அந்தக் கெடுபிடி இல்லை. வாடகை மட்டும் ஏறியிருக்கும்.

அரசு வேலை, கோர்ட், கலெக்டர் ஆபீஸ் என்று வருகிறவர்களுக்குச் சத்துவாச்சாரிதான். இந்த ஒரு விஷயத்தில் ஊரில் இரண்டாவது கருத்து கிடையாது.

சத்துவாச்சாரி ஏன் எல்லார் வாயிலும் வருகிறது

ஹவுசிங் போர்டு பகுதிகள், வள்ளலார் நகர், ரங்காபுரம் எல்லாம் திட்டம் போட்டுப் பிரித்த மனைகள். தெரு அகலம் உண்டு, பார்க் உண்டு, நெடுஞ்சாலை பக்கத்தில். கைக்கெட்டும் தூரத்தில் மளிகை, டிபன் கடை, மெடிக்கல். சென்னை, பெங்களூரு பஸ்ஸுக்குப் புது பஸ் ஸ்டாண்ட் வரைதான் போக வேண்டும். பெண் பிள்ளை டியூஷன் முடிந்து எட்டு மணிக்குத் தனியாக நடந்து வரலாம் என்று தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு ஏரியாவுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா என்ன.

குறையும் உண்டு. "சத்துவாச்சாரி" என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே இடம் இல்லை. நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் மலை அடிவாரம் வரை போகிறது, மறு பக்கம் பாலாறு வரை இறங்குகிறது. அடிவாரத்தில் ஏறிப் போகிற தெருக்களில் வாடகை குறைவு. ஆனால் சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரி பதினோரு மணி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கேள்விப்பட்ட அறிவுதான். மொட்டை மாடிக்கு நேர் கீழே, மலையைப் பார்த்த ஜன்னலோடு ஒரு மே மாதம் தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். மழைக்காலத்தில் இன்னொரு கவலை: மலைச்சரிவில் ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு மேலே பாறைகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். காகிதப்பட்டறை, சைதாப்பேட்டை மலைச்சரிவுகளுக்கும் இதே எச்சரிக்கை.

ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருக்களில் போர் தண்ணீர் கிடைப்பது சுலபம். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பது மட்டும் தினசரித் தொல்லை. சுரங்கப்பாதை எவ்வளவு தூரம் என்று வண்டியில் போய்ப் பார்க்காமல், வீட்டில் இருந்து நடந்தே போய்ப் பாருங்கள்.

மழைக்கு எப்படி: இதைக் கேட்காமல் வீடு பிடிக்க வேண்டாம்

வேலூரில் "மோசமான ஏரியா" என்று சொல்லப்படுவதைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் இருப்பது சாக்கடை. ரவுடி, தண்ணி கேஸ் என்று ஊர் பேசுவதெல்லாம் பாதி பழைய கதை. கால்வாய் மட்டும் இன்றும் இருக்கிறது.

டவுனுக்குள் நிக்கல்சன் கால்வாய் ஓடுகிறது. ஊரின் கழிவுநீரும் மழைநீரும் அதன் வழியாகத்தான் பாலாற்றுக்குப் போகின்றன. கரையெல்லாம் ஆக்கிரமிப்பு, உள்ளே பிளாஸ்டிக். பெரிய மழை பெய்தால் கன்சால்பேட்டை, இந்திரா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். 2021 நவம்பரில் பாலாறே இரு கரையும் தொட்டு ஓடியது. அப்போது இந்தப் பக்கமும், மேற்கே கோணவட்டமும் பட்ட பாடு ஊரறிந்தது. "தண்ணீர் இல்லாத ஆறு ஓடும் ஊர்" என்று வேலூரைக் கிண்டல் செய்தவர்கள் அந்த மாதம் பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

அந்தத் தெருக்களில் வாடகை குறைவாகத்தான் இருக்கும், டவுனுக்கும் பக்கம். கட்டுப்படியாகிறது என்று போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. போவதானால் மாடி வீடாகப் பாருங்கள். தரைத்தளத்தை எப்படிச் சோதிப்பது என்றால்:

பகலில் போங்கள். பெயிண்ட் புதிதாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கதவு நிலையின் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நின்ற மரம் ஊறி உப்பி, பெயிண்டுக்கு அடியில் பொருபொருவென்று இருக்கும். கிச்சன் மேடைக்குக் கீழே சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா? பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பாருங்கள். வாசலில் இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போக வேண்டியிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. இந்த ஊரில் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. 2022-ல் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்ட ஊர் இது. ரோடு மட்டத்தைக் கணக்குப் பார்த்தா போட்டிருப்பார்கள்?

பிறகு, தெருமுனை இஸ்திரிக் கடை. புரோக்கரும் ஓனரும் சொல்லாததை அங்கே கேட்கலாம். வருஷக்கணக்காக அதே இடத்தில் வண்டியை நிறுத்தி நிற்பவர். "ண்ணா, மழை வந்தா இங்க எப்படி?" என்று கேட்டால் நேராகச் சொல்வார்: "முட்டி வரைக்கும் நிக்கும், ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடும். அதோ அந்த பச்சைக் கேட்டு கீது பாரு, அங்க மட்டும் வடியாது." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் நாலு சட்டை கொடுக்கலாம்.

வடகரையில் இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரி நீர் போகும் வழியில் இருக்கும் புது நகர்களில் தேங்கும். "நகர்" என்று பெயர் வைத்து மனை போட்ட இடத்தில் பாதி முன்பு ஏரிக் கால்வாய் பாய்ந்த வயல்தான். வாடகைக்கு வருகிறவர்கள் ஒரு மழையோடு கிளம்பிவிடலாம். மனை வாங்குகிறவர்கள் பட்டாவோடு நிற்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டில் (ஊரின் நிலக் கணக்குப் புத்தகம்) என்ன வகை என்று இருக்கிறது, பக்கத்தில் வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு போகிறதா என்று பார்க்க வேண்டும்.

குடிநீர்

மாநகராட்சிக் குழாயில் காவிரித் தண்ணீர் மேட்டூரில் இருந்து வருகிறது. வருகிறது என்றால் தினமும் வருகிறது என்று அர்த்தம் இல்லை. எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு என்பது தெருவுக்குத் தெரு வேறு. ஓனரிடம் கேட்டால், "தண்ணிப் பிரச்சினையே கிடையாது" என்பார். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "போன தடவ என்னிக்கு வந்துதுமா?" என்று கேளுங்கள், கிழமையோடு சொல்வார். சம்ப் எத்தனை லிட்டர், எத்தனை குடித்தனம் அதைப் பகிர்ந்துகொள்கிறது, போர் மோட்டார் யார் பொறுப்பு என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் போகிறவர்கள் போர் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்க வேண்டாம். தோல் தொழில் அந்தப் பகுதி நிலத்தடி நீரில் விட்டுப்போன தடம் லேசானதல்ல.

பஜார் பக்கம், தெற்குப் பக்கம்

லாங் பஜார், மண்டித் தெரு, நேதாஜி மார்க்கெட் சுற்று வட்டாரத்தில் குடியிருப்பது ஒரு தனிப் பழக்கம். விடியற்காலை நாலு மணிக்குக் காய்கறி லாரி வந்துவிடும். தெருவில் கார் நுழையாது. ஆம்புலன்ஸ் நுழையுமா என்பதை வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் சீசனில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாடாமல் கிடைக்க வேண்டுமென்றால் இங்கே இருப்பவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய். பிரியாணிக்கு அதன் தொக்கு இல்லாமல் இந்த மாவட்டத்தில் பந்தி நடக்காது.

ஆர்.என். பாளையம், கஸ்பா, சைதாப்பேட்டை, கோணவட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலூரில் உருது பேசும் குடும்பங்கள் அதிகம் இருக்கும் பகுதிகள் இவை. "அந்தப் பக்கம் வேணாம்" என்று சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஏன் என்று கேளுங்கள். நெருக்கடி, சாக்கடை, பார்க்கிங் என்று பதில் வந்தால் அது நீங்கள் போய்ச் சரிபார்க்கக்கூடிய விஷயம். "அவங்க ஆளுங்க" என்று பதில் வந்தால் அது ஏரியாவைப் பற்றிய தகவல் இல்லை, சொல்கிறவரைப் பற்றிய தகவல். காலனி, சேரி என்று முத்திரை குத்தப்பட்ட தெருக்களுக்கும் இதுதான் கணக்கு. புரோக்கர்கள் சாதி கேட்டு வீடு காட்டும் வழக்கம் "நல்ல ஏரியா"க்களில்தான் இன்னும் விடாப்பிடியாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெற்கே சாய்நாதபுரம், டோல்கேட், தொரப்பாடி, ஓட்டேரி, பாகாயம். சத்துவாச்சாரிக்கு அடுத்தபடியாக நான் சொல்வது இந்த வரிசையைத்தான். சில விஷயங்களில் அதைவிட மேல். டி.கே.எம். கல்லூரி, முத்துரங்கம் அரசுக் கல்லூரி, பொறியியல் கல்லூரி என்று இருப்பதால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. டோல்கேட்டில் உழவர் சந்தை இருக்கிறது. பாகாயம் பக்கம் சி.எம்.சி. வளாகத்து மரங்களால் சாயங்காலக் காற்றே வேறு மாதிரி இருக்கும். தொரப்பாடி என்றதும், "ஜெயில் பக்கமா?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். மத்தியச் சிறை அங்கே இருப்பது உண்மைதான். சிறைச்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. ராத்திரி பகல் போலீஸ் நடமாட்டம் இருக்கும் ரோடு அது. பெயருக்குப் பயந்து ஆட்கள் வராததால் வாடகையில் கொஞ்சம் பேரம் பேசலாம்.

அரியூர், திருமலைக்கோடி பக்கம் 2007-ல் ஸ்ரீபுரம் தங்கக் கோயில் திறந்த பிறகு வளர்ந்தவை. அமைதி உண்டு, கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோதான். மேற்கே சதுப்பேரி ஏரிப் பக்கம் பல வருஷம் மாநகராட்சிக் குப்பை கொட்டிய இடம். காற்று வீசும் நேரத்தில் ஒரு தடவை போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியில் காசு விஷயம்

வீடு பிடித்துவிட்டது, சரி. அட்வான்ஸ் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "இங்க யாரும் அதெல்லாம் பண்றதில்ல சார்" என்பார்கள். குறைந்தபட்சம் முத்திரைத்தாளில் எழுதி, கொடுத்த தொகையை வங்கி வழியாகக் கொடுங்கள். பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை உள்ளே போகும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்; வேலூரில் காலி செய்யும் நாள் சண்டைகளில் முக்கால்வாசி இந்தப் பெயிண்டில்தான் ஆரம்பிக்கும்.

கரண்ட் கணக்கு அதைவிட முக்கியம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி இ.பி. மீட்டர் இருந்தால் அது உங்களுக்கு வரும். ஒரே மீட்டரில் சப்-மீட்டர் வைத்து ஓனர் யூனிட்டுக்கு ஒரு விலை சொன்னால், இந்த ஊர் வெயிலுக்கு ஏ.சி. ஓடும் ஏப்ரல், மே மாதங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் ஆயிரம் ரூபாய் கூட வாடகை கொடுத்துத் தனி மீட்டர் வீடு எடுப்பது பல நேரம் லாபமாக இருக்கும். மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அன்றைய ரீடிங்கை ஓனர் முன்னாலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுச் சாவியை வாங்குங்கள்.